தன் கட்சி ஆட்சியையே பதவி விலகச் சொன்ன லோகியா: 1954 குமரி துப்பாக்கிச் சூடு பற்றி ஒரு கேள்வி

கேள்வி:

எனக்கு ஊர் கல்குளம் பக்கம். குமரியின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொன்ன தெற்கெல்லைப் போராட்டக் கதைகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டே வளர்ந்தவன். போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணி, மார்த்தாண்டம், புதுக்கடை, 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூடு எல்லாம் ஓரளவு தெரியும். அன்று திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது காங்கிரஸ் ஆட்சி இல்லை, பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் பிரஜா சோசலிஸ்ட் ஆட்சி என்பதும் தெரியும். ஆனால் அதே கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, "தமிழர்களைச் சுட்ட ஆட்சி பதவி விலக வேண்டும்" என்று நின்றார் என்பதை இப்போதுதான் படித்தேன். வடக்கே ஃபைசாபாத் பக்கம் பிறந்த ஒருவர் நம் ஊர் ஆட்களுக்காகத் தன் கட்சியோடு மோதியிருக்கிறார், ஆனால் எங்கள் மாவட்டத்தில் அவர் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதே இல்லை. இது உண்மைதானா, பிறகு என்ன ஆனது? நாடாளுமன்றத்தில் ஒருபோதும் பெரிய பலம் இல்லாத ஒரு கட்சிக்காரரைப் பற்றி இன்றும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பதில் 1:

உண்மைதான் தம்பி. அந்தச் சமயம் லோகியா வெளியில்கூட இல்லை. உத்தரப் பிரதேசத்தில் கால்வாய்த் தண்ணீர் வரியை ஏற்றியதை எதிர்த்துப் போராடிச் சிறையில் இருந்தார். அங்கிருந்துதான் தந்தி கொடுத்தார்: ஆட்சி விலக வேண்டும், துப்பாக்கிச் சூடு பற்றி நீதி விசாரணை வேண்டும்.

இதன் கனம் புரிய வேண்டுமென்றால் அன்றைய நிலைமையைப் பார்க்க வேண்டும். 1952 முதல் பொதுத்தேர்தலில் சோசலிஸ்டுகள் நாடு முழுக்கப் பத்து சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியும் மக்களவையில் கிடைத்தது 12 இடம்தான். துவண்டு போய், காங்கிரஸிலிருந்து பிரிந்து வந்த கிருபளானியின் கட்சியோடு இணைந்து பிரஜா சோசலிஸ்ட் ஆனார்கள். அப்படிப்பட்ட கட்சியின் கையில் முதன்முதலாக ஒரு மாநில ஆட்சி வருகிறது, அதுவும் 19 எம்.எல்.ஏ.க்களை வைத்துக்கொண்டு, காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கிப் பிடித்ததால் வந்த ஆட்சி. வராது வந்த அதைத்தான் விட்டுவிடுங்கள் என்று பொதுச் செயலாளரே சொல்கிறார். கட்சியில் எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவருடைய வாதம் நேரடியானது. வெள்ளைக்காரன் சுட்டபோது கண்டித்தோம், காங்கிரஸ் ஆட்சி சுட்டபோது பதவி விலகச் சொன்னோம், நம் ஆட்சி சுட்டால் மட்டும் நியாயம் வேறாகிவிடுமா? சுதந்திர நாட்டில் ஆயுதமில்லாத கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டால் அந்த அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது அவர் நிலை. கட்சித் தலைமை ஏற்கவில்லை. அவர் பொதுச் செயலாளர் பதவியை விட்டார். நாகபுரியில் கூடிய மாநாடும் தலைமையின் பக்கமே நின்றது. அடுத்த வருடம் லோகியாவின் பக்கம் நின்ற மது லிமாயி மேல் நடவடிக்கை, அதைத் தொடர்ந்து லோகியாவும் வெளியேற்றப்பட்டார். 1955 முடிகிற நேரத்தில் ஹைதராபாத்தில் தனியாகச் சோசலிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய பட்டம் ஆட்சி 1955 பிப்ரவரியிலேயே கவிழ்ந்துவிட்டது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் தமிழகத்தின் பக்கம் வந்தன.

ஒரு திருத்தம் மட்டும். "நம் ஊர் ஆட்களுக்காக" என்பதைவிட, யாராக இருந்தாலும் அவர் இதையேதான் செய்திருப்பார் என்று எடுத்துக்கொள்வது சரி. எனக்கு அவர் மேல் மரியாதை கூடுவதும் அதனால்தான்.

பதில் 2:

மேலே உள்ளதோடு நீதிமன்றப் பக்கத்தையும் சேர்க்கிறேன், நான் வழக்கறிஞர். அந்தக் கால்வாய் வரிப் போராட்டம் வெறும் சிறைவாசத்தோடு முடியவில்லை. வரி கட்டாதீர்கள் என்று விவசாயிகளிடம் பேசியதற்காகத்தான் பழைய 1932 சட்டம் ஒன்றின் கீழ் அவரைப் பிடித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1960இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. பேச்சுக்கும் பொது ஒழுங்கு கெடுவதற்கும் நெருங்கிய தொடர்பு இருந்தால்தான் பேச்சைத் தடுக்க முடியும், எங்கோ தொலைவில் எதுவோ நடக்கலாம் என்ற ஊகம் போதாது என்பது அதன் சாரம். ஃபேஸ்புக்கில் எழுதியதற்கெல்லாம் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது இந்தத் தீர்ப்பையும் எடுத்துக் காட்டியது. இப்போது நாம் இங்கே உட்கார்ந்து எழுதுவதற்கும் அந்தத் தண்ணீர் வரிக்கும் சம்பந்தம் இருக்கிறது.

இன்னொன்று 1965. பீகாரில் தடுப்புக் காவலில் வைத்தார்கள். சட்டம் ஒழுங்கு என்பதும் பொது ஒழுங்கு என்பதும் ஒன்றல்ல, உத்தரவில் முதலாவதை எழுதிவிட்டு, பொது ஒழுங்குக்கான தடுப்புக் காவல் விதியின் கீழ் ஆளை உள்ளே வைக்க முடியாது என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. குண்டர் சட்ட வழக்குகளில் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பை நாங்கள் மேற்கோள் காட்டுகிறோம். எம்.பி. எண்ணிக்கையை வைத்து அவரை அளக்காதீர்கள்.

பதில் 3:

லோகியா மேல் எனக்கும் மதிப்பு உண்டு, ஆனால் இந்த இழை ஒரே பாராட்டாகப் போகிறது, அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். 1962இல் பூல்பூரில் நேருவையே எதிர்த்து நின்றார், தோற்றார். நின்றதே பெரிது என்பேன். 1963இல் ஃபரூக்காபாத் இடைத்தேர்தலில் ஜெயித்து உள்ளே போன சில மாதத்தில், நேரு அரசுக்கு எதிரான முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மேல் அவர் பேசிய பேச்சுதான் பிரபலமான மூன்றணா பேச்சு. 27 கோடிப் பேர் நாளுக்கு மூன்றணாவில் (ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா) வாழ்கிறார்கள் என்றார், அரசு தரப்பு பதினைந்தணா என்றது. ஏழை எவ்வளவில் வாழ்கிறான் என்று ஒரு பிரதமரை மன்றத்தில் கணக்குச் சொல்ல வைத்ததை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அதே வருடம்தான் காங்கிரஸ் எதிர்ப்பு என்ற ஒரே புள்ளியில் எல்லோரும் சேரலாம் என்ற வழியையும் திறந்துவிட்டார். ஜான்பூரில், இன்றைய பா.ஜ.க.வின் முன்னோடியான ஜனசங்கத்தின் தீனதயாள் உபாத்யாயாவுக்காகப் பிரசாரம் செய்தார். 1967இல் உத்தரப் பிரதேசம், பீகார் கூட்டணி அரசுகளில் ஜனசங்கமும் கம்யூனிஸ்டுகளும் சோசலிஸ்டுகளும் ஒன்றாக உட்கார்ந்தார்கள், ஒன்றும் நிலைக்கவில்லை. ஜனசங்கத்துக்கு அதுவரை இல்லாத மரியாதை மட்டும் கிடைத்தது. கொள்கைக்காக 1954இல் சொந்தக் கட்சியை உடைத்த மனிதர், பத்து வருடம் கழித்துக் கொள்கையில் எதிரெதிராக இருப்பவர்களோடு கைகோத்தார். இந்த இரண்டையும் ஒரே ஆளாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

நன்றி, மூன்றுமே எனக்குப் புதிய தகவல்கள். மொழி பற்றியும் கேட்க வேண்டும். "ஆங்கிலமே வெளியேறு" என்று நடத்தியவர் இவர்தானே? தமிழ்நாட்டில் அவர் பெயர் எடுபடாமல் போனது அதனாலா?

பதில் 1:

பெரும்பாலும் அதனால்தான். அவர் சொன்னதில் ஒரு பாதி நமக்கு மிகவும் வேண்டியது: தமிழ்நாட்டில் நீதிமன்றம், கல்லூரி, அலுவலகம் எல்லாம் தமிழில் நடக்க வேண்டும், ஆங்கிலம் தெரிந்த சின்னக் கூட்டம் மற்றவர்களை ஆளக் கூடாது என்றார். உயர் நீதிமன்றத்தில் தமிழில் வாதாட இன்றும் நாம் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம். இன்னொரு பாதி, மத்தியில் இந்தி. அதை நாம் ஏற்க முடியாது, 1965இல் இங்கே மாணவர்கள் தெருவில் இறங்கிய பிறகு அவர் இயக்கத்தை வேறு மாதிரிக் கேட்க யாருக்கும் மனம் இல்லை. வடக்கே ஆங்கிலத் தெருப் பலகையில் தார் பூசும் ஆட்களைப் பார்த்தால், ஆங்கிலத்தை எடுத்துவிட்டு அங்கே இந்தியை வைக்கப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். அந்தப் பயம் நியாயமானது. இந்தி பேசாதவர்களின் அச்சத்தை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்பது என் கருத்து.

ஆனால் அவருக்கும் சென்னைக்கும் பழைய பழக்கம் உண்டு. உப்பு வரி பற்றி பெர்லினில் ஆய்வு முடித்து 1933இல் கப்பலில் திரும்பியவர் சென்னையில்தான் இறங்கினார். கல்கத்தா போகக் கையில் காசில்லை. நேராக இந்து பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், அங்கேயே உட்கார்ந்து கட்டுரை எழுதிக் கொடுத்து, கிடைத்த பணத்தில் ஊர் போனார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பதில் 4:

இடஒதுக்கீடு பற்றி யாரும் சொல்லவில்லையே. பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், சிறுபான்மையினரில் பின்தங்கியவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 60 சதவீதம் வேண்டும் என்று வட இந்தியாவில் ஊர் ஊராகப் பேசியது அவர் கட்சி. பெண்களைப் பிற்படுத்தப்பட்டவர்களோடு சேர்த்து எண்ணியதை இன்றும் பலர் யோசிக்கவில்லை. அம்பேத்கரோடு சேர்ந்து வேலை செய்யக் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தபோதே, 1956 டிசம்பரில் அம்பேத்கர் இறந்துவிட்டார்.

பி.பி. மண்டல் இவர் கட்சியிலிருந்து வந்தவர்தான். 1967இல் எம்.பி.யாக ஜெயித்துவிட்டு பீகாரில் மந்திரியானார். மக்கள் உங்களை டெல்லிக்குத்தானே அனுப்பினார்கள், பாட்னாவில் என்ன வேலை என்று லோகியா எதிர்த்தார், மண்டல் பிரிந்து தனிக் கட்சி கண்டார். குமரி விஷயத்தில் செய்ததையே இதிலும் செய்தார். 1980இல் மண்டல் கொடுத்த, பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு பற்றிய ஆணைய அறிக்கையை அமல்படுத்தப் பத்து வருடம் பிடித்தது, அதைப் பார்க்க லோகியா இல்லை. 1967 அக்டோபர் 12 அன்று, டெல்லி வில்லிங்டன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 57 வயதில் இறந்துவிட்டார். பெயர் மாற்றப்பட்டு இன்று அது ராம் மனோகர் லோகியா மருத்துவமனை.