புதுப்பிப்பு: சிங்கப்பூர் சிராங்கூன் சாலை ஒளியூட்டு, ஒரே படத்தில்

தீபாவளி ஒளியூட்டைப் படமெடுத்தால் ஒன்று அலங்கார வளைவு வெளுத்துப்போகிறது, இல்லையென்றால் வீரமாகாளியம்மன் கோயில் கோபுரம் இருட்டில் மூழ்குகிறது என்று முன்பு புலம்பியிருந்தேன். வெவ்வேறு ஒளியளவில் பல படங்கள் எடுத்து இணைக்கச் சொன்னீர்கள். இப்போது வளைவின் நிறமும் தெரிகிறது, கோபுரச் சிற்பங்களும் தெரிகின்றன.

கேமரா டிரைபாடில். எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளியுணர்திறன்) இரண்டையும் அசைக்கவில்லை. துளையை மாற்றினால் குவியத்தின் ஆழமும், அதாவது எவ்வளவு தூரம் வரை கூர்மையாகத் தெரியும் என்பதும் மாறி, படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஷட்டர் நேரம் மட்டும் 1/15, 1/4, 1 நொடி, அதாவது இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளி (ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரட்டிப்பாகும்). இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/200 நொடி போன்ற வேகத்தில் படத்தில் பட்டை பட்டையாக விழலாம்; மேலே சொன்ன மெதுவான நேரங்களில் அந்தத் தொல்லை குறைவு.

தொல்லை கொடுத்தது பஸ்தான். மூன்று படங்களிலும் மூன்று இடங்களில் நின்று, இணைத்ததும் ஊடுருவித் தெரியும் பேய்நிழலாகிவிட்டது. இணைக்கும் மென்பொருளின் பேய்நிழல் நீக்கும் வசதியில் நடுப்படத்தை அடிப்படையாக வைத்ததும் ஒரே பஸ் மிஞ்சியது.

பிறகு டோன் மேப்பிங், அதாவது இணைத்த படத்தின் வெளிச்ச, இருள் வேறுபாட்டைத் திரைக்கு ஏற்றபடி சுருக்குவது. அதன் அளவைக் கூட்டும் நகர்த்தியைக் கடைசிவரை தள்ளாதீர்கள், விளிம்புகளைச் சுற்றி ஒளிவட்டம் விழும். ஒளிவட்டம் சாமிக்கு இருக்கலாம், கோபுர விளிம்புக்கு வேண்டாம்.