மறு: ரிம்ஃபயர் தோட்டாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களே,

துப்பாக்கி ஊசி அடிப்பக்கத்தின் நடுவில் அல்லாமல் விளிம்பில் அடித்தால் வெடிக்கும் சிறு தோட்டாதான் ரிம்ஃபயர். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> மலிவாகக் கிடைக்கிறது, சுட்டுப் பழகத்தான் வாங்குகிறார்கள். ‘பயிற்சித் தோட்டா’ என்றே வைத்துவிடலாமே?

எனக்கு இதில்தான் தயக்கம். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது இந்த ரிம்ஃபயர் வகைத் தோட்டா போடும் பாயிண்ட் டூ டூ (.22) ரைபிளில் சுட்டிருக்கிறேன். கைக்கு ஐந்து ரவுண்டு கொடுப்பார்கள். சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளை எண்ணி ஒப்படைக்காமல் யாரும் நகர முடியாது. ‘பழகுறதுக்குத்தானே சார்’ என்று ஒருவன் குழலை அசட்டையாகத் திருப்பி வாங்கிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. இந்தத் தோட்டாப் பெட்டிகளிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்திருப்பார்கள். ‘பயிற்சி’ என்ற சொல் அந்தப் பயத்தைப் போக்கிவிடும். போதாக்குறைக்கு, மருந்தே இல்லாமல், துப்பாக்கியில் போட்டு எடுத்துப் பழகுவதற்கென்றே ஒரு பொம்மைத் தோட்டாவும் இருக்கிறது. ‘பயிற்சித் தோட்டா’ என்று யாராவது கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பது?

‘மலிவுத் தோட்டா’வும் நிற்காது. ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள் போட்டியிலும் இதே வகைதான். 2024இல் பாரிஸில் நம் நாட்டு வீரர் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இதைச் சுட்டுத்தான். போட்டிக்கென்று தேர்ந்தெடுத்த ரகத்தை விலை கேட்டுப் பாருங்கள், மலிவு என்று சொல்ல வாய் வராது.

பெயர் கட்டமைப்பிலிருந்து வரட்டும். பெரிய ரைபிள் தோட்டாவைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தின் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும். அது தனியாகச் செய்து பொருத்திய கிண்ணம், தீப்பற்றும் மருந்து அதற்குள் இருக்கும். பாயிண்ட் டூ டூவில் அந்தக் கிண்ணமே கிடையாது. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு உட்புறம் பொள்ளலாக மடிந்திருக்கும். ஈரமான பற்றுமருந்தை இட்டுச் சுழற்றினால் அந்த மடிப்புக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கி ஊசி விளிம்பை நசுக்கியதும் பற்றிக்கொள்கிறது. பாகம் ஒன்று குறைவு, ஈயம் இரண்டரை கிராம் சொச்சம், மருந்து ஒரு சிட்டிகை. விலை இறங்காமல் என்ன செய்யும்? ஆனால் விளிம்பு நசுங்க வேண்டுமென்றால் கூடு மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய கூடு பெரிய அழுத்தத்தைத் தாங்காது. அதனால்தான் 1887இல் வந்த, இன்று பரவலாகப் புழங்கும் ‘லாங் ரைபிள்’ என்ற பாயிண்ட் டூ டூ தோட்டா இன்றும் சிறு தோட்டாவாகவே இருக்கிறது. சுட்ட கூட்டை மறுபடி நிரப்புவதும் நடைமுறையில் இல்லை.

> அப்படியானால் ‘விளிம்புத் தோட்டா’ போதுமே.

முதலில் நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். அப்புறம் பழைய ராணுவ ரைபிளின் த்ரீ நாட் த்ரீ (.303) தோட்டா நினைவுக்கு வந்தது. அதற்கும் அடியில் துருத்திய விளிம்பு உண்டு, ஆனால் ஊசி அடிப்பது நடுவில். விளிம்பு இருப்பது வேறு, விளிம்பில் அடி விழுவது வேறு. ஆகவே என் பரிந்துரை: ரிம்ஃபயருக்கு ‘விளிம்படித் தோட்டா’, நடுவில் அடி விழும் சென்டர்ஃபயருக்கு ‘நடுவடித் தோட்டா’. த்ரீ நாட் த்ரீ ‘விளிம்புள்ள நடுவடித் தோட்டா’ ஆகிவிடும், குழப்பமில்லை. அடி என்றால் கீழ்ப்பக்கம் என்றும் பொருள்படுமே என்று கேட்பீர்கள். படட்டும், அந்தப் பொருளிலும் சரியாகத்தான் இருக்கிறது.

பறந்து போகும் ஈயத் துண்டுக்கு இலங்கைத் தமிழில் ‘சன்னம்’ இருக்கிறது. நாம் ஏன் புதிதாகத் தேட வேண்டும்? நம் செய்தித்தாள்கள் முழுத் தோட்டாவையும் குண்டு என்கின்றன, பாய்ந்த ஈயத்தையும் குண்டு என்கின்றன. சுட்டு முடிந்தது ‘தோட்டாக் கூடு’. ‘வெற்றுத் தோட்டா’ வேண்டாம், சத்தம் மட்டும் எழுப்பும் சன்னமில்லாத தோட்டா என்றும் அதைப் படிக்கலாம்.

இன்னொன்று. பழைய ராணுவக் கையிருப்புத் தோட்டாக்களையும் அமெரிக்காவில் பழகுவதற்கு மலிவாக வாங்குகிறார்கள். அவற்றில் பலவற்றின் பற்றுமருந்தில் குளோரேட் என்ற வேதிப்பொருள் இருக்கும். சுட்டபின் குழலில் தங்கும் உப்பு ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும், தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். ஒருவர் ‘அரிக்கும் தோட்டா’ என்று எழுதியிருந்தார். அரிப்பது தோட்டா அல்லவே. ‘உப்புவிடு தோட்டா’ எனலாமா?

கடைசியாக, நடுவிலுள்ள அந்தக் கிண்ணத்துக்குப் ‘பொட்டு’ என்று வைக்க ஆசை. தீபாவளிப் பொட்டுவெடியில் இருப்பதும் அடித்தால் பற்றும் மருந்துதான், பார்க்கவும் நெற்றிப் பொட்டு மாதிரியே இருக்கிறது. விளையாட்டாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.