லேசர் கட்டருக்கு ஊனோவா, ஈஎஸ்பி32-ஆ? செய்து பார்த்தவர்களின் அனுபவம்

எலக்ட்ரானிக்ஸ் சாமான்கள் விற்கும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் அல்சூர்த் தமிழர். "லேசர் கட்டருக்கு எந்த போர்டு நல்லது அண்ணா?" என்று கேட்டதற்கு, "பலகை வெட்டப் போறீங்களா, போட்டோ பொறிக்கப் போறீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். கட்டரை இயக்கும் கன்ட்ரோல் போர்டு வாங்கும் எல்லோரும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான்.

வெட்டுவதற்கு மட்டும் என்றால் ஆர்டுயினோ ஊனோ தாராளம். 16 மெகாஹெர்ட்ஸ், 2 கேபி ராம் என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் ஜிஆர்பிஎல் (மோட்டாரையும் லேசரையும் இயக்க ஊனோவில் ஏற்றும் மென்பொருள்) அதிலேயே மோட்டாருக்கு நொடிக்கு 30,000 ஸ்டெப் வரை தரும். ஜிடி2 பெல்ட், 20 பல் புல்லி, 1/16 மைக்ரோஸ்டெப் (மோட்டாரின் ஒரு ஸ்டெப்பைப் பதினாறாகப் பிரிப்பது) வைத்தால் மில்லிமீட்டருக்கு 80 ஸ்டெப். டயோடு லேசரில் பிளைவுட் வெட்டும்போது தலை நிமிடத்துக்குச் சில நூறு மி.மீ.தான் நகரும். அந்த எல்லைப் பக்கமே போகாது.

போட்டோ என்றால் நிலைமை வேறு. மி.மீ.க்கு 10 புள்ளி, நொடிக்கு 100 மி.மீ. வேகம் என்று வையுங்கள். புள்ளிக்கு ஒரு வரி என்று நொடிக்கு 1,000 வரி ஜி-கோடு (தலையை நகர்த்தும் கட்டளை) போக வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து ஊனோவுக்குக் கட்டளை போகும் சீரியல் வேகம் நொடிக்கு 115200 பிட். நொடிக்குச் சுமார் 11,500 எழுத்துதான் போகும். வரிக்குப் பன்னிரண்டு எழுத்து வந்தாலே தாங்காது. அடுத்த வரி வரும்வரை தலை விக்கி விக்கி நகரும், எம்3-இல் (ஒளி அளவு மாறாத முறை) ஓட்டினால் அந்த இடமெல்லாம் கருகும். ஜிஆர்பிஎல்லில் $32=1 என்று லேசர் முறையைப் போட்டு எம்4-க்கு மாறினால் வேகத்துக்கு ஏற்ப ஒளி குறையும், கருகல் வெகுவாக அடங்கும். ஆனாலும் வேலை இழுக்கும். அதனால்தான் படம் பொறிக்க நான் ஈஎஸ்பி32 என்ற வேகமான போர்டில், ஜிஆர்பிஎல் போன்ற ஃப்ளூயிட்என்சி மென்பொருளைப் போட்டேன். 240 மெகாஹெர்ட்ஸ், எஸ்டி கார்டிலிருந்தே ஓடும், எந்த ஒயர் எந்த பின்னில் (போர்டின் இணைப்புக் கால்) என்பதை மாற்ற வேண்டுமானால் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திருத்தினால் போதும், மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம்.

பதில், பொம்மனஹள்ளியிலிருந்து:
அண்ணா, ஊனோ வாங்குகிறவர்களுக்கு இதையும் சொல்லுங்கள். ஊனோ மேல் மாட்டும் மோட்டார் இணைப்பு போர்டான சிஎன்சி ஷீல்டு வி3-இல் உள்ள பெயர்கள் பழைய ஜிஆர்பிஎல்லுக்கு அச்சிட்டவை. இப்போதைய 1.1-இல் லேசர் பிடபிள்யூஎம் (லேசரின் ஒளி அளவைக் கட்டுப்படுத்தும் சிக்னல்) வருவது டி11 பின்னில். ஷீல்டில் அந்த இடத்தில் இசட் லிமிட் என்று போட்டிருக்கும், லேசர் ஒயரை அங்கேதான் மாட்ட வேண்டும். விலை குறைந்த ஊனோக்களில் பெரும்பாலும் யூஎஸ்பி இணைப்புக்கு சிஹெச்340 சிப் இருக்கும். கம்ப்யூட்டரில் போர்ட் தெரியவில்லை என்றால் முதலில் அதன் டிரைவரைப் போட்டுப் பாருங்கள்.

பதில், ஒயிட்ஃபீல்டிலிருந்து:
ஈஎஸ்பி32-இன் சிக்னல் 3.3 வோல்ட். 5 வோல்ட் எதிர்பார்க்கும் லேசர் மாட்யூல் அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம். நடுவில் சிக்னலை 5 வோல்ட்டாக உயர்த்தும் 74ஹெச்சிடி125 சிப் ஒன்றை வைத்தேன், பிரச்சினை தீர்ந்தது. அப்புறம், போர்டு பூட் ஆகும் நேரத்தில் பின்கள் அந்தரத்தில் நிற்கும். அப்போது லேசர் தானாகவே எரியலாம். ஈஎஸ்பி32-இன் பிடபிள்யூஎம் பின்னிலிருந்து, அதாவது 74ஹெச்சிடி125 வைத்தால் அதன் உள்ளீட்டுப் பக்கத்திலிருந்து, கிரவுண்டுக்கு ஒரு 10கே ரெசிஸ்டர் கட்டாயம் வையுங்கள். நீல டயோடு லேசர் என்றால் 450 நானோமீட்டர் ஒளிக்கான பாதுகாப்புக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, போர்டு முழுதாக எழுந்த பிறகே லேசருக்கு பவர் கொடுங்கள்.