ஏலக் கணக்கு, படகு இருப்பிடம்: தனித்தனி சர்வீஸா, ஒரே நிரலான மோனோலித்தா?

மண்டபத்திலிருந்து:
மீன் ஏலக் கரைக்கான மென்பொருளில் டோக்கன், எடை, ஏலம், வியாபாரி பாக்கி எல்லாவற்றையும் தனித்தனி சர்வீஸாக (தனியே ஓடும் நிரலாக) வெட்டச் சொல்பவர்கள் ஒரே ஒரு ஏல வரியைப் பதிந்து பார்க்கட்டும். மீன் விற்றதும் இருப்பு எடை கழிய வேண்டும், வியாபாரி பாக்கி ஏற வேண்டும், படகுக்கு வரவு விழ வேண்டும். எல்லாம் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருந்தால் ஒரு டிரான்ஸாக்‌ஷன் போதும்; மூன்றும் நடக்கும், இல்லையேல் ஒன்றும் நடக்காது. மூன்று சர்வீஸாக்கினால், நடுவில் ஒன்று படுத்ததும் பாக்கி ஏறி வரவு விழாத கணக்கு மிஞ்சும். அதைச் சரிக்கட்டத் தனி நிரல் எழுத வேண்டும். கரைக்கு மோனோலித்தே போதும். ஒரு மாட்யூலின் (நிரல் பகுதியின்) டேபிளை இன்னொரு மாட்யூல் நேரே தொடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

தொண்டியிலிருந்து:
கரை வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். படகில் இருந்து இருப்பிடத்தை அனுப்பும் கருவிக்கு இது ஒத்துவராது. தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும்; ரோமிங் இல்லாவிட்டால் டேட்டா நின்றது. ஆகவே கருவி சேமித்துவைத்துப் பிறகு அனுப்ப வேண்டும். 30 நொடிக்கு ஒரு பதிவு, ஒவ்வொன்றும் 40 பைட் என்றால் ஒரு நாளைக்கு 2,880 பதிவு, சுமார் 115 கேபி. இடம் ஒரு பிரச்சினையே இல்லை.

கருவி செய்தி அனுப்பும் எம்க்யூடிடி முறையில் க்யூஓஎஸ் 1 (ஒரு முறையாவது சேர வேண்டும் என்ற நிலை) வைத்தால், ஒப்புகை வழியில் தொலையும்போது அதே செய்தி மறுபடி வரும். படகு எண்ணும் தொடர் எண்ணும் சேர்ந்த யுனீக் இண்டெக்ஸ் போட்டால் இரட்டைப் பதிவு விழாது. ஜிபிஎஸ் நேரத்தையும் சர்வருக்கு வந்த நேரத்தையும் டேபிளில் தனித்தனி நெடுவரிசையில் வையுங்கள். தாமதமாக வந்த பழைய பதிவு ‘கடைசி இருப்பிடத்தை’ மாற்றிவிடாமல், தொடர் எண் பெரிதாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள். சிக்னல் கிடைத்ததும் எல்லாப் படகும் சேமித்த பதிவை ஒரே நேரத்தில் கொட்டும். 0 முதல் 60 நொடிக்குள் ஏதோ ஒரு காத்திருப்பைக் கருவியிலேயே வைத்துவிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது ஜிபிஎஸ் இருப்பிடத்தைத் தரும் என்எம்இஏ 0183 வடிவ வரியில்தான். 0917.2800 என்றால் 9 பாகை 17.28 நிமிடம், அதாவது 9.288 பாகை. அதை 9.1728 என்று படித்தால் தெற்கே 13 கிலோமீட்டர் தள்ளிப்போகும். ராமேஸ்வரம் ஜெட்டியில் கட்டிய படகை மன்னார் வளைகுடாவில் மிதக்கவிடுவீர்கள். ஆர்எம்சி வரியில் (அதே வடிவத்தில் இருப்பிடமும் நேரமும் தரும் வரி) நிலை ‘வி’ என்றிருந்தால் அந்த இருப்பிடத்தை நம்பக்கூடாது. ‘ஏ’ மட்டுமே செல்லும்.

கீழக்கரையிலிருந்து:
கருவியின் நிரலை எப்போது மாற்றுவீர்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும், அப்போது மாற்றலாம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, அதனால் எல்லாம் ஒரே நாளில் மாறவே மாறாது. செய்தியின் முதல் பைட்டிலேயே பதிப்பு எண் வையுங்கள். செய்தியிலிருந்து நீக்கிய புலத்தின் (தகவல் கட்டத்தின்) எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். தெரியாத புலம் வந்தால் சர்வர் தாண்டிப் போகட்டும். எடை கிராமில், காசு பைசாவில், இரண்டும் முழு எண்ணாக. தோராயத் தசமம் (ஃப்ளோட்) வைத்தால் ஏலக் கணக்கில் பைசா உதைக்கும், அப்புறம் வியாபாரியிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மண்டபத்திலிருந்து:
சரி, படகுச் செய்தியைப் பெறும் பகுதியை மட்டும் தனி பிராசஸாகப் பிரிக்கலாம். பில் பக்கத்தைத் திருத்தி ரீஸ்டார்ட் செய்யும்போது படகு இணைப்புகள் அறுபடாது. டேபிள்கள் அதே டேட்டாபேஸிலேயே இருக்கட்டும்.