பழைய காருக்கு இலத்திரனியல் இக்னிஷன் போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உப்புவெளி, மொரிஸ் மைனர் 1098 சிசி

திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் பொயின்டைக் கழற்றி, பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் சிறிய கிட் ஒன்றைப் பூட்டினேன். மலிவான கிட். நன்றாகவே ஓடியது. திறப்பைத் திருப்பியதும் பிடித்தது, மடத்தடிச் சந்தி நெரிசலில் நின்றாலும் சீராக நின்றது. மழைக்காலம் முழுவதும் அரமும் கையுமாகக் குனிய வேண்டியிருக்கவில்லை.

கொழும்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஹபரணை தாண்டி, கல்லோயாச் சந்தி வருவதற்கு முன், பொழுது சாயும் நேரம். எஞ்சின் சட்டென்று அணைந்தது. இருமவில்லை, திணறவில்லை. பொயின்ட் என்றால் போகுமுன் சொல்லிவிட்டுப் போகும். இது ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின் இருக்கையில் அம்மாவும் மனைவியும். இடப்பக்கப் பற்றைக்குள் கொப்பு முறியும் சத்தம். யானைகள் நடமாடும் அந்த வீதியில் மாலையில் போனவர்களுக்கு அது என்ன சத்தம் என்று தெரியும்.

லொறி ஒன்று நின்றது. வயதான சாரதி டோர்ச்சோடு இறங்கி வந்து, மின்னழுத்தத்தை உயர்த்தும் கொயிலின் தடித்த வயரைக் கழற்றி எஞ்சின் இரும்புக்கு அருகில் பிடித்தார். என்னை ஸ்டார்ட்டரை அடிக்கச் சொன்னார். பொறி இல்லை. “தம்பி, பொயின்டா, எலெக்ட்ரோனிக்கா?” என்றார். சொன்னேன். “கழற்றிய பொயின்ட் தட்டு டிக்கிக்குள் கிடக்கிறதா?” இல்லை. இனி இது எதற்கு என்று கராஜ்காரர் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பெரியவர் ஒன்றும் பேசாமல் வயரைத் திரும்பச் செருகிவிட்டுக் கயிறு எடுக்கப் போனார். டோர்ச் வெளிச்சத்தில் அவர் அந்த வயரைப் பார்த்துக்கொண்டு நின்ற முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கந்தளாய் வரை இழுத்துவந்து விட்டார். மறுநாள் காலை திறப்பைத் திருப்பினேன், உடனே பிடித்தது. இன்று வரை ஓடுகிறது. ஏன் நின்றது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இப்போது கன்னியாவைத் தாண்டிப் போகவே மனம் துணியவில்லை.

கிண்ணியா, ஒஸ்டின் ஏ40

அண்ணன், உங்களுடையது பொசிட்டிவ் ஏர்த், அதாவது பற்றரியின் நேர்முனை பொடியில் பூட்டிய வண்டியா? எங்கள் நானாவின் ஒஸ்டினுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கிட் வாங்கிவந்தோம். 12 வோல்ட்டா என்று கடைக்காரர் கேட்டார், ஆம் என்றோம், கொடுத்துவிட்டார். பற்றரியின் எந்த முனை பொடியில் பூட்டியிருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் நேர்முனைதான் பொடியில். நானா திறப்பைப் பாதி திருப்பினார், அவ்வளவுதான். மூடிக்குள்ளிருந்து மெல்லிய வெள்ளைப் புகை. பிளாஸ்டிக் கருகிய அந்த மணம் மூக்கில் ஏறியபோது நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த மாதச் சீட்டுக் காசு முழுவதும் அந்தப் புகையில் போனது.

மைனர் 1971இல் உற்பத்தி நிற்கும் வரை பொசிட்டிவ் ஏர்த்தாகத்தான் வந்தது. முதலில் அதைப் பாருங்கள்.

உவர்மலை, மொரிஸ் ஒக்ஸ்போர்ட்

கிண்ணியாத் தம்பி சொல்வது இங்கே பொருந்தாது. முனை மாறியிருந்தால் அவருடைய கிட் முதல் நாளே கருகியிருக்கும். மழைக்காலம் முழுவதும் ஓடியிராது.

நான் பல வருடங்களாகப் பொயின்டிலேயே ஓடுகிறேன். ஒரு தடவை சீனன்குடாவுக்குக் கிட்ட நின்றது, இடைவெளி அளக்கும் பீலர் கேஜும் அரமும் இருந்தன, வீதியோரத்திலேயே சரிசெய்து கிளம்பினேன். என் கதை அவ்வளவுதான்.

பொயின்டைக் குறை சொல்லுமுன் இவற்றைப் பாருங்கள். லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பொயின்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், டுவெல் (பொயின்ட் மூடியிருக்கும் கோணம்) 60 பாகை. பொயின்டைத் திறந்து மூடும் கேம் மேல் துளி கிரீஸ் வையுங்கள். காய்ந்த கேம் பொயின்டின் குதியைத் தின்றுவிடும், இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும். பொயின்ட் கருகாமல் காக்கும் கண்டன்சர் புதியது என்பதற்காக நம்பாதீர்கள். இப்போது கிடைக்கும் புதியவற்றைவிடக் கழற்றிய பழையது பல தடவை உறுதியாக இருக்கிறது. மூடிக்குள் சுழன்று மின்னைப் பகிரும் ரோட்டரும் அப்படியே: நடுவில் ஆணி அடித்த மலிவான ரோட்டர் அந்த ஆணி வழியாகவே மின்னைத் தண்டுக்கு ஒழுக விடும். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நான்கு சிலிண்டருக்கும் இடைவெளி நான்கு விதமாக இருக்கும், எத்தனை தடவை அளந்தாலும் பயனில்லை. காசை முதலில் தண்டைத் தாங்கும் புஷ்ஷுக்குச் செலவழியுங்கள். கொயிலையும் அளக்க வேண்டும். 3 ஓம் கொயிலில் சுமார் 4 அம்பியர் பாயும். மின்னோட்டத்தைக் குறைக்கும் பலாஸ்ட் வயரோடு வரும் 1.5 ஓம் கொயிலைப் பலாஸ்ட் இல்லாமல் நேரே பூட்டினால் 8 அம்பியர். சூடேறி முதலில் கிட் படுக்கும், ஆறியதும் எழும்பும். உப்புவெளித் தம்பிக்கு நடந்தது இதுதான் என்பேன்.

உப்புவெளி

ஐயா, கொயில் 3.1 ஓம். சூட்டோடும் அளந்தேன், பெரிய மாற்றம் இல்லை. வண்டியும் இப்போது நெகட்டிவ் ஏர்த். டைனமோவைக் கழற்றி ஒல்டர்நேட்டர் போட்டபோதே மாற்றியாகிவிட்டது. மன்னிக்க வேண்டும், பொயின்ட் நல்லதா கெட்டதா என்பது என் கேள்வியே இல்லை.

சாம்பல்தீவு, கொரோலா 4கே

ஜப்பான் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: கிட் தேடி அலையாதீர்கள். கழிவு வண்டி உடைக்கும் இடத்தில் 5கே எஞ்சினின் இலத்திரனியல் டிஸ்ட்ரிபியூட்டர் கிடைக்கும், 4கே எஞ்சினில் அப்படியே இறங்கும். அதனுடைய கொயிலையும், கொயிலுக்கு மின்னை விட்டுத் துண்டிக்கும் இக்னைட்டரையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். எனக்கு டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் கொடுத்துவிட்டு, இக்னைட்டருக்கு மறுவாரம் தனி விலை சொன்னார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வண்டியோ அன்றிலிருந்து தங்கம்.

சீனன்குடா, மொரிஸ் மைனர்

உப்புவெளி அண்ணன், நான் செய்தது வேறு. வானொலி திருத்தும் நண்பர் ஒருவர் டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்று செய்துதந்தார். பொயின்ட் அப்படியே இருக்கும். கொயிலின் 4 அம்பியரை டிரான்சிஸ்டர் சுமக்கும், பொயின்டின் வழியே மிகக் குறைந்த மின்னோட்டம்தான் போகும், அதனால் பொயின்டின் முகம் கருகுவதில்லை. கண்டன்சரைக் கழற்றிப் பக்கத்திலேயே கட்டி வைத்திருக்கிறேன். மூதூர் வீதியில் ஒரு நாள் பெட்டி கைவிட்டது. வயரைப் பழைய இடத்துக்கு மாற்றி, கண்டன்சரைப் பூட்டி, தேநீர் ஆறுமுன் கிளம்பிவிட்டோம். என் மகள் டோர்ச் பிடித்தாள். எந்த வயர் எங்கே என்று இப்போது அவளுக்கே தெரியும்.

உங்களுக்கு நடந்ததைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். சமதரையில் மெல்ல மிதித்துப் போகும்போதா நின்றது? டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் தட்டையும் உடலையும் இணைக்கும் சிறிய பின்னல் வயர் ஒன்று உண்டு. எஞ்சினின் வக்யூம் (உறிஞ்சல்) தட்டை இழுக்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து அசையும். உள்ளே அறுந்து, மேலுறை மட்டும் முழுதாக இருந்தால் வெளியே தெரியாது. கிட்டுக்கு ஏர்த் அதன் வழியேதான். வக்யூம் குழாயில் வாயால் உறிஞ்சித் தட்டை அசைத்துக்கொண்டே மல்டிமீற்றரில் பாருங்கள்.

உப்புவெளி

ஆம், சமதரைதான். மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். அந்த வயரை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறக்கிறேன்.

என்னவாக இருந்தாலும், 25டி4க்குக் கண்டன்சரோடு கூடிய பொயின்ட் தட்டு ஒன்று வேண்டும், பழையதானாலும் பரவாயில்லை. பிந்திய மாடலான 45டி4இன் தட்டு வேண்டாம், பொருந்தாது. திருகோணமலைக்குள் யாரிடமாவது இருந்தால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.