சின்ன ஊர் ராக் எஃப்எம்: சிம்பல் சத்தம் மட்டும் ஏன் மணல் கொட்டுற மாதிரி கேட்குது?

காற்றலை (கேள்வி)
அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர் ஸ்டேஷன். கிளாஸ் ஏ (சின்ன எஃப்எம் லைசென்ஸ் வகை), 6 கிலோவாட், ஆண்டெனா உயரம் 100 மீட்டர். நாள் முழுக்க ராக். ஸ்டூடியோ மானிட்டரில் பாட்டு சுத்தமா இருக்கு. கார் ரேடியோவில் சிம்பல் (டிரம்ஸோட உலோகத் தட்டு) மணலை வாரிக் கொட்டுற மாதிரி இரையுது. பக்கத்து ஸ்டேஷனைவிடச் சத்தம் குறையக் கூடாதுன்னு ப்ராசஸரில் (ஒலியைச் சமப்படுத்திச் சத்தமாக்கும் கருவி) டிரைவை, அதாவது உள்ளே தள்ளும் லெவலை, ஏத்தினா இன்னும் மோசமாகுது. 35 கிமீ தாண்டினா சிக்னலும் தேயுது. எங்கே ஆரம்பிக்கணும்?

எம்பிஎக்ஸ்75
முதல்ல, ப்ரீஎம்ஃபசிஸ் (அனுப்பும் முன்னாடி கீச்சு ஒலிகளைத் தூக்குறது, ரேடியோ அதைத் திரும்ப இறக்கும்) எத்தனை இடத்தில் ஆன் ஆகியிருக்குன்னு பாருங்க. அமெரிக்காவில் அதோட அளவு 75 மைக்ரோசெகண்ட். அது 10 கிலோஹெர்ட்ஸை 13.7 டெசிபலும் 15 கிலோஹெர்ட்ஸை 17 டெசிபலும் தூக்கும். ப்ராசஸரிலிருந்து எம்பிஎக்ஸ் (ஸ்டீரியோ முழுசும் கலந்த ஒரே சிக்னல்) போகுதுன்னா எக்சைட்டர் (எஃப்எம் அலையை உண்டாக்கும் பெட்டி) எதையும் தூக்காம ஃப்ளாட்டா இருக்கணும். இடது-வலது ஆடியோ போகுதுன்னா ரெண்டில் ஒண்ணுதான் தூக்கணும். ரெண்டும் தூக்கினா காது கூசும்.

ஒரே இடத்தில்தான் ஆன்னா, குற்றவாளி ப்ராசஸரில் இருக்கிற கிளிப்பர். தூக்கின 17 டெசிபலை அதுதான் வெட்டி, அனுமதிச்ச 100 சதவீத மாடுலேஷனுக்குள் அடக்குது. இப்போ வர்ற ராக் மாஸ்டர்கள் (பாட்டோட இறுதிப் பதிவுகள்) ஏற்கெனவே வெட்டுப்பட்டவை. வெட்டினதையே மறுபடி வெட்டினா வர்றதுதான் அந்த மணல். உங்க மானிட்டர் ப்ராசஸருக்கு முன்னாடி எடுத்தது போல. அதான் அங்கே தெரியலை. கிளிப்பர் டிரைவை ஒவ்வொரு டெசிபலா இறக்கி, ஒவ்வொரு தடவையும் கார் ரேடியோவில் அரை மணி நேரம் கேளுங்க. சத்தம் நிறைவா வேணும்னா ப்ராசஸரோட மெதுவான ஏஜிசியிலும் (லெவலைத் தானா சமன் செய்றது) மல்டிபேண்டிலும் (ஒலியைப் பட்டைகளாப் பிரிச்சு அமுக்குறது) எடுங்க.

சிடி அலமாரி
ஃபைலையும் பாருங்க. 128 கேபிபிஎஸ் எம்பி3, அதுக்கு மேல எஸ்டிஎல்லில் (ஸ்டூடியோவிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குப் போற இணைப்பு) இன்னொரு கோடெக்குன்னா (ஒலியைச் சுருக்கும் முறை) சிம்பல்தான் முதல்ல சிதையும். எம்பி3-ஐ வேவ் ஆக்கிப் பயனில்லை, போனது திரும்பாது. சிடியிலிருந்து 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் மறுபடி எடுங்க. எஸ்டிஎல்லை, சுருக்காம அனுப்புற லீனியர் பிசிஎம்முக்கு மாத்துங்க.

கோபுரத்தடி
6 கிலோவாட், 100 மீட்டருக்கு 60 டிபியு (நல்லாக் கேட்கிற சிக்னல் பலம்) எல்லையே ஏறத்தாழ 28 கிமீதான். 35-ல் தேயுறது இயல்பு. ப்ராசஸரால் ஒரு அடிகூட நீளாது. பவரை இரட்டிப்பாக்கினாலும் 3 டெசிபல்தான் கூடும், கிளாஸ் ஏ-யில் அதுக்கும் அனுமதி இல்லை. ஆண்டெனாவை 100 மீட்டருக்கு மேல ஏத்தினா பவரைக் குறைக்கணும். ஆனா ஸ்டீரியோ விரிப்பைக் குறைங்க: எல்-ஆர் (இடது, வலது ஒலிகளோட வித்தியாசம்) கூடக் கூட மலைச்சரிவில் மல்டிபாத் (சிக்னல் பல வழியில் எதிரொலிச்சு வர்றது) இரைச்சல் கூடும். இது பலர் கவனிக்காத இடம்.

காற்றலை
எக்சைட்டரிலும் 75 மைக்ரோசெகண்ட் ப்ரீஎம்ஃபசிஸ் ஆன்ல இருந்தது. ஆஃப் பண்ணியாச்சு.

எம்பிஎக்ஸ்75
அப்போ பீக் இறங்கியிருக்கும். மாடுலேஷன் மானிட்டரை வச்சு மறுபடி அளங்க: மொத்த டீவியேஷன் (அலைவரிசை விலகும் அளவு) 75 கிலோஹெர்ட்ஸ், அதில் பைலட் (ஸ்டீரியோன்னு ரேடியோவுக்குச் சொல்ற தொனி) 9 சதவீதம், அதாவது 6.75 கிலோஹெர்ட்ஸ். குறைஞ்சதை எக்சைட்டர் இன்புட் லெவலில் ஈடுகட்டுங்க, கிளிப்பரைத் தொடாதீங்க.