கழிமுகச் சேற்றில் குரோமியம் மட்டும் உதைக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். நகரத்தை ஒட்டிய ஒரு கழிமுகத்தில் 12 இடங்களில் சேறு எடுத்துக் கன உலோகங்களை அளந்துகொண்டிருக்கிறேன். மேல் 2 செ.மீ. மட்டும், பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தெடுத்தது (முதல் நாள் இரும்புக் கரண்டியோடு போய்த் திட்டு வாங்கியது தனிக்கதை). பாதரசம் ஆவியாகிவிடக் கூடாதென்று 40 டிகிரியைத் தாண்டாமல் உலர்த்தி, உலோகம் பெரும்பாலும் நுண்துகள்களில்தான் ஒட்டியிருக்கும் என்பதால் 63 மைக்ரான் சல்லடையில் சலித்து, ராஜ திராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை) கரைத்தேன்.

சிக்கல் இதற்கப்புறம்தான். கூடவே ஓட்டிய, உலோக அளவு முன்பே தெரிந்த சான்றளிக்கப்பட்ட வண்டல் மாதிரியில் ஈயம், தாமிரம், துத்தநாகம் எல்லாம் சான்றிதழ் அளவில் 90 சதவீதத்துக்கு மேல் வந்துவிடுகின்றன, குரோமியம் 60-ஐத் தாண்ட மறுக்கிறது. ராஜ திராவகம் சிலிக்கேட்டையும் குரோமைட் என்ற குரோமியக் கனிமத்தையும் முழுசாகக் கரைக்காது, தெரியும். சிலிக்கேட்டைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைக் கையாள இங்கே வசதி இல்லை, உண்மையைச் சொன்னால் பயமும்தான்.

அலுமினியமும் அரைகுறையாகவே கரைகிறது. அதை வகுஎண்ணில் வைத்து, உலகக் களிப்பாறைகளின் சராசரியோடு (துத்தநாகம் 95, ஈயம் 20 பிபிஎம்) ஒப்பிட்டுச் செறிவுக் காரணி (இயற்கை அளவைப்போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு) போட்டால், கடலை ஒட்டிய சுத்தமான இடம்கூட மாசு என்று வருகிறது!

அதே கழிமுகத்தில் ஆழத்துச் சேற்றை எடுத்து, அதே அமிலத்தில் கரைத்து, அதையே பின்னணி அளவாக வைக்கலாமா? எவ்வளவு ஆழம் போனால் நகரத்துக்கு முந்தைய படிவு என்று நம்பலாம், ஈயம்-210 (படிவின் வயதைக் காட்டும் கதிரியக்க ஈயம்) பார்க்காமல் வேறு வழி உண்டா? குரோமியத்தை 'அமிலத்தில் கரையும் பகுதி' என்று மட்டும் குறிப்பிட்டால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.